வழுவமைதி

ஐந்து பெட்டிகள். ஒவ்வொன்றும்
பாதித் தீப்பெட்டி அளவு.
இடுப்பில் ஒன்று, தொடைக்கு ஒன்றாக இரண்டு,
இடது கணுக்காலில் ஒன்று,
வலது கணுக்கால் இருந்த உயரத்தில்,
பிளாஸ்ரிக்கின் மேல், ஒன்று.

“உதுக்குமோ?” என்றார் தவமலரக்கா.
“உதுக்குத்தான் முதல்” என்றான் கபிலாஷ், நிலத்தைப் பார்த்து.
அறிவியல்நகர்ப் பொறியியலாளன்.
முகத்தைவிட முழங்கால்களோடு கதைக்கச் சுகம் அவனுக்கு.
நான் இயன்மருத்துவர்: பட்டியை இறுக்குவதும் தளர்த்துவதும் என் பாடு.
பேராதனையிலிருந்து வந்த ஹர்ஷனிக்குப் புள்ளிவிவரம்.
மூவருக்கும் ஒரு விரிதாள், ஒரு ஓட்டோ,
இரண்டரை மொழி.

கால் எப்போது போனது என்று ஒரு நிரல் இருந்தது.
ஆண்டை மட்டும் சொன்னார்.
ஹர்ஷனியின் விரல்கள் விசைப்பலகையில்
சற்று நின்று, பிறகு தட்டின.

வட்டக்கச்சி. வாய்க்கால் கட்டு வழியே
சங்கக்கடைக்குப் போய் வருவது.
முன்னே அவர், கையில் சீனிப்பை.
பின்னே நாங்கள், மடிகணினிக்குக் குடை பிடித்தபடி.
புரட்டாதி வெயில்.
நாய்கள் எங்களை மட்டும் பார்த்துக் குரைத்தன.

மாலை திரையில் பார்த்தால்
தவமலரக்கா இரணைமடுக் குளத்தின் நடுவில்,
நீருக்கு நாற்பது மீற்றர் மேலே
சீனிப்பையோடு நடந்துகொண்டிருந்தார்.

“ஆர்முடுகலை ரெண்டுதரம் தொகையிட்டால்தான் இடம் வரும்.
கடுகளவு வழு எண்டாலும்
கூடிக் கூடி…” என்றான் கபிலாஷ்.
“குளம்” என்றேன்.

அதற்கும் மருந்து வைத்திருந்தான்:
பாதம் தரையில் பதிந்து நிற்கிற கணத்தில்
வேகம் பூச்சியம் என்று நாமே எழுதிவிடுவது.
அடிக்கு அடி பழைய பிழை கழிந்து
புதிதாய்த் தொடங்கும் கணக்கு.
ஆனால் தசைக்கால் நிற்பதே இல்லை.
பதிந்த பிறகும் விரல்கள் மண்ணைத் துழாவும், நடுங்கும்.
பிளாஸ்ரிக் பாதம்தான் கல்லுப்போல் நின்றது.
இரண்டு மாதமாக
“வலது காலை நம்புங்கோ அக்கா” என்று நான் மன்றாடியதை
இயந்திரம் ஒரே நாளில் செய்தது.

எட்டு நாளில் ஆறு நாள்
திரும்பி வரும்போது, துருசடியில்,
நாற்பது செக்கன் இரு பாதமும் பூச்சியம்.
பெட்டி கழன்றிருக்கும் என்றான் கபிலாஷ்.
நான் ‘வலி’ என்று எழுதிக் கேள்விக்குறி போட்டேன்.
நீக்கினால் வரைபு அழகாகும் என்றாள் ஹர்ஷனி.
அரை நாள் சண்டை பிடித்தோம், மூன்று துறையின் சொற்களால்.
பிறகுதான் அவரையே கேட்கத் தோன்றியது.

“அதோ?” சிரித்தார்.
“துருசடி ஏத்தத்திலை தம்பிக்கு மூச்சு வாங்குது.
விட்டிட்டு வரேலுமோ? நிண்டனான்.
அந்தாளுக்கும் ஒண்டைக் கட்டிப் பாருங்கோவன்.”

கட்டினோம். மறுநாள், ஆறாவது பெட்டி,
கபிலாஷின் கணுக்காலில்.
திருத்தம் எதுவும் போடாமல் ஓடவிட்டால்
அவர் ஆகாயத்தில்; அவன் பூமிக்குள் ஒரு பனை ஆழத்தில்.
துருசடியில் மட்டும்
இருவரின் அலைக்கோடும் ஒருசேரத் தட்டையாகிக் கிடந்தது.

அந்தத் தட்டைக்கு ஹர்ஷனி பெயர் கேட்டாள்.
வழு என்றால் நீக்க வேண்டும். வழுவில்லை என்றால்
எங்கள் மூச்சு எப்படி அவர் நடைக்குள் வந்தது?
பத்தாம் வகுப்பு இலக்கணம் எங்கிருந்தோ எழுந்தது:
பிழைதான், ஆனாலும் காரணம் இருப்பதால்
இருக்கட்டும் என்று பெரியோர் விட்டுவைத்தது.
பசுவை அம்மா என்று அழைப்பதைப்போல.
வழுவமைதி என்றேன்.

கபிலாஷ் ‘வளு’ என்றான், எங்கள் ஊர் வாயால்.
ஹர்ஷனி மெல்ல எழுத்துக்கூட்டி
“வலு… வமைதி” என்றாள்.
வலு என்றால் பலம் என்று அவளுக்குத் தெரியாது.
திருத்த வாயெடுத்தவனின் காலை
மேசைக்கடியில் மிதித்தேன்.
அவன் கணுக்காலில் பெட்டி இன்னும் கழற்றவில்லை.
பதிவாகியிருக்கும்.